ஐந்து மா நிலமும் ஒரு முட்டைப் பந்தும்

பொங்கலுக்கு ஒரத்தநாடு பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பொண்ணு பதினொன்னாவது படிக்கிறா. நல்லா ஓடுவா. பள்ளிக்கூடத்துல நூறு மீட்டர்ல எப்பவும் முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்துடுவா. அவ போன்ல ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இந்த ரக்பியை நம்ம ஊர்ல ஆட முடியுமா?"ன்னு கேட்டா. சித்தப்பா திண்ணையில இருந்தே பதில் சொல்லிட்டாரு: "கபடி ஆடுனா போலீஸ் வேலைக்காவது போகலாம் தம்பி. இதை ஆடி என்ன பண்றது?"

ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் இந்த எபிசோடு. நான் கோடு எழுதுற ஆளு. எதுவும் வேலை செய்யலைன்னா முதல்ல பழைய லாக்கைத்தான் பார்ப்பேன். இந்தியாவுல ரக்பியோட லாக் 1872-ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு கல்கத்தாவுல ஒரு மேட்ச். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரங்க, இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆளுங்க. அப்போ பக்கத்துக்கு இருபது பேர். 1873 ஜனவரியில கிளப்பே தொடங்கிட்டாங்க. ஒரு வருஷத்துல 137 உறுப்பினர்கள். 1874-ல இங்கிலாந்தோட ரக்பி யூனியன்லயும் சேர்ந்துட்டாங்க. ஸ்டார்ட்-அப் பாஷையில சொன்னா செம குரோத்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, நிறைய ஆட்டக்காரங்களைக் கொடுத்துட்டிருந்த ராணுவப் படைப்பிரிவு ஊரை விட்டுப் போச்சு. வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் தேவலைன்னு மத்தவங்களும் நகர்ந்துட்டாங்க. கிளப்புல இலவசமா ஊத்துன சரக்கை நிறுத்தினதும் கூட்டம் குறைஞ்சதுன்னு ஒரு கதை உண்டு. நம்ப எனக்குக் கஷ்டமே இல்லை. கடைசியில 1878-ல கிளப்பைக் கலைச்சாங்க. பேங்க்ல இருந்த காசை வெள்ளி ரூபாயாவே எடுத்து, 270 நாணயத்தை உருக்கி ஒரு கோப்பை செஞ்சாங்க. மூணு கைப்பிடி, மூணும் நாகப்பாம்பு. மூடி மேல யானை. அதை லண்டனுக்கு அனுப்பி வெச்சாங்க.

அதுதான் கல்கத்தா கப். 1879-ல எடின்பரோவுல முதல் ஆட்டம், டிரா. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னைக்கும் அதுக்காகத்தான் மோதுறாங்க. நம்ம நாட்டுக் காசு போய் அங்க கோப்பையாச்சு, ஆட்டம் இங்க வேர் பிடிக்கலை. கல்கத்தாவுல 1884-ல மறுபடி கிளப் வந்தது, 1924-ல அகில இந்தியப் போட்டி தொடங்குச்சு, சென்னையில ஜிம்கானா கிளப்பும் ஆடுச்சு. ஆனா எல்லாமே கிளப் சுவருக்குள்ளதான்.

இப்போ பாக் ஜலசந்தியைத் தாண்டிப் பார்ப்போம். இந்த எபிசோடுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இலங்கையில 1879-ல கொழும்புல கிளப் தொடங்குச்சு. திக்கோயா, திம்புள்ளன்னு மலைநாட்டுல தேயிலைத் தோட்டத் துரைமார் தனியா கிளப் வெச்சு ஆடினாங்க. இதுவரைக்கும் கல்கத்தா கதையேதான். வித்தியாசம் கண்டியில வருது. எல்.ஈ. பிளேஸ்னு ஒரு ஆசிரியர் 1891-ல கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கி, பையன்களுக்கு ரக்பியைச் சொல்லிக் கொடுத்தாரு. 1906-ல கிங்ஸ்வுட்டுக்கும் டிரினிட்டிக்கும் முதல் பள்ளி மேட்ச். அதுவும் டிரா. 1945-லிருந்து ராயல் கல்லூரியும் டிரினிட்டியும் பிராட்பி கேடயத்துக்கு ஆடுறாங்க. இன்னைக்கு அந்த மேட்ச்சுக்குக் கூடுற கூட்டம் திருவிழா மாதிரி. கிரிக்கெட் பைத்தியம் பிடிச்ச நாடுதான் அதுவும். ஆனா துரைமார் கப்பல் ஏறினப்போ ஆட்டம் அவங்களோட போகலை, ஏன்னா அது பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துடுச்சு.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லணும். அந்தத் தோட்டங்கள்ல கொழுந்து பறிச்சவங்க திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்கள்ல இருந்து போன நம்ம ஜனங்க. துரை ஆடுற மைதானமும் லயமும் ஒரே மலையிலதான். ஆனா அது லயத்துப் பிள்ளைகளுக்கான மைதானம் இல்லை. கண்டியில பெரிய பள்ளிக்கூடம் பார்த்த ஆட்டம், அவங்க பிள்ளைகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு.

சரி, நம்ம டெல்டாவுக்கு வருவோம். ஒரு ரக்பி மைதானம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதாவது 7,000 சதுர மீட்டர், நம்ம கணக்குல அஞ்சு மாவுக்குக் கொஞ்சம் மேல. கபடிக்கு 13-க்கு 10. ஒரு ரக்பி மைதானத்துல 53 கபடி களம் போடலாம்! தை அறுவடைக்கு அப்புறம் வயல் சும்மாத்தானே கிடக்கும்னு நினைக்காதீங்க. சம்பா அறுக்குறதுக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சுடுவாங்க. அது முடிஞ்சா களிமண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில முழங்கால் சேறு. யாரு அஞ்சு மாவைப் பந்துக்கு விடுவா? கோயில் திடல்ல நாலு கோடு கிழிச்சா கபடி ரெடி. பந்தே வேணாம்.

அதனாலதான் வடுவூர் மாதிரி ஊர்கள்ல இருந்து அபினேஷ் மோகன்தாஸ் மாதிரி ஆளுங்க வர்றாங்க. 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்தியக் கபடி அணியில இருந்தவரு. சித்தப்பா சொல்றதுல தப்பே இல்லை.

ஆனா தங்கச்சி பக்கமும் கணக்கு இருக்கு. 2004-ல பால் வால்ஷ்னு ஒரு ஆங்கிலேயர் கொல்கத்தாவுல ஏழைப் பசங்களைச் சேர்த்து ஜங்கிள் குரோஸ் கிளப்பைத் தொடங்கினாரு. புவனேஸ்வர்ல கிஸ் பள்ளியோட பழங்குடிப் பசங்க 2007-ல லண்டன் போய் 14 வயசுக்குட்பட்டோர் போட்டியை ஜெயிச்சாங்க. 2019-ல மணிலாவுல இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-19-னு ஜெயிச்சாங்க, 15 பேர் ஆட்டத்துல அவங்களோட முதல் வெற்றி அது. 2016-லிருந்து ஒலிம்பிக்ல இருக்குறது ஏழு பேர் ஆட்டம். ஏழு நிமிஷம், ஏழு நிமிஷம், அவ்வளவுதான். ஓடத் தெரிஞ்ச பொண்ணுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி.

2025 ஜூன்ல ரக்பி பிரீமியர் லீக் வேற வந்தது. முதல் சீசனை ஜெயிச்சது சென்னை புல்ஸ், ஃபைனல்ல டெல்லியை 41-0. தங்கச்சி காட்டின வீடியோ அதுதான். ஆனா எல்லா மேட்ச்சும் மும்பையில. சென்னை டீம் சென்னையில ஒரு தடவைகூட ஆடாமலேயே சாம்பியன். எனக்கு அதுல கல்கத்தா கப் வாசனைதான் அடிக்குது: கோப்பை இருக்கு, ஊர்ல ஆட்டம் எங்க? டிவிக்குப் போற காசுல கொஞ்சம் ஏதாவது ஒரு மாவட்டத்துப் பி.டி. வாத்தியாருக்கு விசிலும் பத்து பந்துமாப் போயிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அந்தக் கோப்பையில யானை எதுக்குன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம், "கபடியை விடக் கூடாது, ஞாயித்துக்கிழமை மட்டும்னா சரி"ன்னாரு. பந்து ஆர்டர் போட்டுட்டேன். பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டிருக்கா. கபடி டீம்ல இருந்தே நாலு பொண்ணுங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க, பிடிக்குறதுல கில்லாடிங்க. அவளையும் சேர்த்தா அஞ்சு. இன்னும் ரெண்டு பேர் வேணும்.