படியெடுத்த கைகள்: கர்தினால் பாவுலோ எவரிஸ்டோ ஆர்ன்ஸின் வாழ்வும் ஒரு நாட்டின் ஆவணமும்

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு கத்தோலிக்கக் கர்தினாலின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, செத்த பிறகும் நம்மைத் தள்ளிவைத்த திருச்சபையை நாம் அறிவோம். அதன் உச்சியில் சிவப்புத் தொப்பி அணிந்து உட்காருபவரிடம் நமக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. நம் ஊர்களில் ஒரு வன்கொடுமை நடக்கிறது. உண்மை அறியும் குழுவாகப் போகிறோம், அறிக்கை எழுதுகிறோம், பத்திரிகையாளரைச் சந்திக்கிறோம். பத்தாண்டு கழித்து அந்த அறிக்கையின் ஒரு பிரதிகூட யாரிடமும் இருப்பதில்லை. காவல் நிலையத்துக் கோப்பு மட்டும் இருக்கிறது, அதில் அவர்கள் எழுதியது மட்டும் இருக்கிறது. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டுதான் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ பேராயராக இருந்த பாவுலோ எவரிஸ்டோ ஆர்ன்ஸைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஆர்ன்ஸ் 1921 செப்டம்பர் 14 அன்று, பிரேசிலின் தெற்கே சாண்டா கத்தரினா மாநிலத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறியோரின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தங்கைகளில் ஒருவர் சில்டா ஆர்ன்ஸ். குழந்தை மருத்துவரான அவர், ஏழைக் குழந்தைகளின் சாவைத் தடுக்க நாடு முழுவதும் ஓர் இயக்கத்தைக் கட்டினார். 2010இல் ஹைத்தி நிலநடுக்கத்தில் இறந்தார். அண்ணன் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து 1945இல் குருவானார். பின்னர் பாரிஸ் சென்று சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஆய்வின் தலைப்பைக் கவனியுங்கள்: புனித ஜெரோமின் எழுத்துகள் வழியே, அக்காலத்தில் நூல்கள் எப்படி உருவாயின என்பது. ஜெரோம் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர். அவர் வாயால் சொல்ல, சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொள்வார். படியெடுப்போர் அதைப் பிரதி செய்வார்கள். பிரதிகள் கைமாறி ஊர் ஊராகப் போகும். அப்படித்தான் அந்நாளில் ஒரு நூல் பிழைத்துக் கிடந்தது. ஒரு சொல் அழியாமல் இருக்க எத்தனை கைகள் வேண்டும் என்பதே அந்த ஆய்வின் அடிப்படைக் கேள்வி என்று நாம் வாசிக்கிறோம். முப்பது ஆண்டு கழித்து அதே கேள்வி வேறு உருவில் அவர் முன் வந்து நின்றது.

1964இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கம்யூனிசத்திடமிருந்து நாட்டைக் காப்பாற்றியதாக ஆயர்கள் கூட்டமைப்பு ராணுவத்துக்கு நன்றி சொன்னது. இதை மறைத்துவிட்டு ஆர்ன்ஸின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டம் எஞ்சியிருந்த உரிமைகளையும் பறித்தது. சாவோ பாவுலோவில் எதிர்ப்பாளர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்யத் தனி அமைப்பே உருவானது. அதற்குத் தொழிலதிபர்கள் பணம் கொடுத்தார்கள். 1970 அக்டோபரில் ஆர்ன்ஸ் அந்த நகரத்தின் பேராயரானார். 1973இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

பதவிக்கு வந்த சில மாதங்களில், அவருடைய மறைமாவட்டத்தின் ஒரு குருவும் ஒரு சமூகப் பணியாளரும் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். ஆர்ன்ஸ் காவல் தலைமையகத்துக்கே நேரில் போனார். பிறகு நடந்ததை எழுதி ஆலயங்களின் கதவுகளில் ஒட்டச் செய்தார். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை இருந்தது. ஆலயக் கதவுக்கு இல்லை. 1972இல் நீதி மற்றும் அமைதி ஆணையத்தைத் தொடங்கினார். காணாமல் போனவர்களின் தாய்மார்கள் வந்து உட்காரும் இடம் அதுவானது.

1973இல் பேராயரின் மாளிகையை விற்றார். அந்தப் பணத்தில் நகரத்தின் விளிம்பில் நிலம் வாங்கி, சமூகக் கூடங்கள் கட்டப்பட்டன. வடகிழக்கின் வறட்சியிலிருந்தும் நிலமின்மையிலிருந்தும் ஓடிவந்த கூலி மக்கள் வாழ்ந்த புறநகரங்கள் அவை. அந்தக் கூடங்களில் விவிலியம் வாசித்தார்கள், விலைவாசி பற்றிப் பேசினார்கள், சங்கம் கட்டினார்கள். அடித்தளத் திருச்சபைச் சமூகங்கள் என்று விடுதலை இறையியல் பேசியதற்குச் சுவரும் கூரையும் கொடுத்தது ஒரு மாளிகையின் விலை. மாளிகை விற்ற அதே ஆண்டில் மறைமாவட்டத்தின் வானொலி நிலையத்தை அரசு மூடியது.

1975 அக்டோபர் 25. தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் விளாடிமிர் ஹெர்சாக் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, தானே நடந்து ராணுவ உளவு அலுவலகத்துக்குப் போனார். அன்றே இறந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது ராணுவம், ஒரு புகைப்படத்தையும் வெளியிட்டது. ஜன்னல் கம்பியில் தொங்கும் அந்த உடலின் முழங்கால்கள் மடிந்திருந்தன. கால் தரையைத் தொடும் உயரத்தில் தூக்கு!

ஹெர்சாக் யூதர். யூத வழக்கப்படி தற்கொலை செய்துகொண்டவரைக் கல்லறையின் ஓரத்தில் புதைப்பார்கள். ஹென்றி சோபெல் என்ற இளம் ரபி அதற்கு உடன்படவில்லை. ஹெர்சாக் கல்லறையின் நடுப்பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார். எந்த அறிக்கையும் இல்லாமல், புதைத்த இடத்தாலேயே ராணுவத்தின் பொய் மறுக்கப்பட்டது. எந்த இடத்தில் புதைக்கிறார்கள் என்பது இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 31 அன்று ஆர்ன்ஸ் தன் பேராலயத்தைத் திறந்துவிட்டார். ரபி சோபெலும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜெய்ம் ரைட்டும் அவருடன் பீடத்தருகே நின்றார்கள். நகரமெங்கும் போலீஸ் தடுப்புகள். அதையும் தாண்டி சுமார் 8,000 பேர் வந்தார்கள். கோஷம் இல்லை, கல்லெறி இல்லை. அமைதியாக வந்து அமைதியாகக் கலைந்தார்கள். ராணுவ ஆட்சியின் மீதான அச்சம் உடையத் தொடங்கிய நாள் என்று பிரேசில் மக்கள் அதை நினைவுகூர்கிறார்கள்.

நாம் முக்கியமாகப் பேச வந்த செயல் இனிமேல்தான் வருகிறது.

1979 ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சிறையிலிருந்தவர்களும் நாடு கடந்தவர்களும் திரும்பினார்கள். அதே சட்டத்தின் நிழலில் சித்திரவதை செய்தவர்களும் தப்பினார்கள். ஆனால் அதில் ஒரு சிறு கதவும் திறந்திருந்தது. கட்சிக்காரருக்கு மன்னிப்புக் கோரும் வழக்கறிஞர், ராணுவ உச்ச நீதிமன்றத்தின் கோப்பை 24 மணி நேரத்துக்கு வெளியே எடுத்துச் செல்லலாம். அந்தக் கோப்புகளில் என்ன இருந்தது? தங்களுக்கு நேர்ந்த சித்திரவதையைக் கைதிகள் ராணுவ நீதிபதிகளின் முன்னால் சொல்லியிருந்தார்கள். எந்த இடம், எந்த அதிகாரி, என்ன கருவி என்று சொல்லியிருந்தார்கள். நீதிமன்ற எழுத்தர் கடமைக்கு அதை எழுதி வைத்திருந்தார். நீதிபதிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் எழுத்து கிடந்தது.

தலைநகர் பிரேசிலியாவில் ஓர் அலுவலகம் எடுத்து, நகல் இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்தி, ஒரு சிறு குழு அந்தக் கோப்புகளைப் படியெடுக்கத் தொடங்கியது. எடுத்த கோப்பு மறுநாள் திரும்பிவிடும். படிகள் சாவோ பாவுலோவுக்குப் போயின, நுண்படச் சுருள்களாகி நாட்டுக்கு வெளியே ஜெனீவாவுக்குப் போயின. உலகத் திருச்சபைகள் மன்றம் பணம் கொடுத்தது. ஆர்ன்ஸும் ஜெய்ம் ரைட்டும் பொறுப்பேற்றார்கள். ரைட்டின் சொந்தச் சகோதரரே 1973இல் காணாமல் போனவர். ஆறு ஆண்டுகளில் 707 வழக்குகள், ஏறத்தாழ பத்து லட்சம் பக்கங்கள் படியெடுக்கப்பட்டன. தாங்கள் சித்திரவதைக்கு ஆளானதாக நீதிமன்றத்தில் சொன்னோர் 1,800க்கும் மேல்.

1985 ஜூலையில் 'பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வந்தது. உழைத்தவர்களின் பெயர் அதில் இல்லை. கர்தினாலின் முன்னுரை மட்டும் கேடயமாக இருந்தது. பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. சில மாதங்களில் சித்திரவதையில் ஈடுபட்ட 444 பேரின் பட்டியலும் வெளியானது. பொய் என்று ராணுவத்தால் சொல்ல முடியவில்லை. அது அவர்களுடைய சொந்தக் கோப்பு.

ஆதிக்கவாதியின் கணக்குப் புத்தகத்திலேயே ஒடுக்கப்பட்டவரின் சாட்சியம் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க மூன்று வேண்டும்: கோப்பைத் தொடும் உரிமை, விடாமல் படியெடுக்கும் கைகள், படியைப் பத்திரமாக வைக்கும் இடம். சோர்போனில் ஜெரோமின் படியெடுப்போரைப் பற்றி எழுதிய இறையியலாளர் இதைப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

ஆனால் இந்த ஆவணத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். 707 வழக்குகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், படித்தவர்கள், அமைப்பாகத் திரண்டவர்கள். கறுப்பின ஏழைகள் அதற்கு முன்பும் காவல் நிலையத்தில் அடிபட்டார்கள், பிறகும் அடிபட்டார்கள். அவர்களுக்கு வழக்கே இல்லை, ஆகவே கோப்பும் இல்லை. பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது. 1890 டிசம்பர் 14 அன்று நிதியமைச்சர் ருய் பார்போசா, அடிமை முறை தொடர்பான அரசு ஆவணங்களை அழிக்க உத்தரவிட்டார். முன்னாள் எஜமானர்கள் இழப்பீடு கேட்டுவிடக் கூடாது என்பது அதற்கான காரணமாகச் சொல்லப்படுகிறது. எரிந்தது எஜமானரின் ரசீது மட்டுமா? எந்தப் பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள் என்று தேடும் பேரப்பிள்ளைகளின் தடயமும் சேர்ந்தே எரிந்தது.

ஆர்ன்ஸ் இந்த எல்லையை ஓரளவு தாண்ட முயன்றார் என்றே சொல்ல வேண்டும். 1979 அக்டோபர் 30 அன்று, வேலைநிறுத்தத்தின்போது, சாந்தோ டியாஸ் என்ற உலோகத் தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நிலமற்ற கூலிக் குடும்பத்திலிருந்து வந்தவர், திருச்சபையின் தொழிலாளர் பணிக்குழுவில் இருந்தவர். அவர் பெயரில் மறைமாவட்டம் ஒரு மனித உரிமை மையம் தொடங்கியது. விளிம்பில் வாழும் ஏழைகள் மீதான போலீஸ் வன்முறை அதன் அன்றாட வேலையானது. ஆனால் வன்முறை நின்றுவிடவில்லை. 1992 அக்டோபர் 2 அன்று, மக்களாட்சி வந்து ஏழு ஆண்டு கழித்து, அதே நகரத்தின் கரண்டிரு சிறையில் 111 கைதிகளைப் போலீஸ் கொன்றது.

ரோமும் அவரைச் சும்மா விடவில்லை. 1984இல் அவருடைய பழைய மாணவர், விடுதலை இறையியலாளர் லியோனார்டோ போஃப், வத்திக்கான் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். ஆர்ன்ஸ் இன்னொரு பிரேசில் கர்தினாலுடன் ரோமுக்கே போய் மாணவருக்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டு போஃப் மீது மௌனம் திணிக்கப்பட்டது. 1989இல் வத்திக்கான் சாவோ பாவுலோ மறைமாவட்டத்தை ஐந்தாகப் பிரித்தது. அவர் உழைத்த ஏழைப் புறநகரங்களில் பெரும்பகுதி புதிய ஆயர்களிடம் போனது. எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தே ஓர் இயக்கத்தைப் பலவீனப்படுத்தலாம் என்பதை, தொகுதி மறுவரையறை பார்த்த நாம் எளிதில் உணர்வோம்.

1998இல் ஓய்வு பெற்றார். 2016 டிசம்பர் 14 அன்று, 95ஆம் வயதில் இறந்தார். ஆவணங்களை அழிக்க உத்தரவு வந்த அதே தேதி. தற்செயல்தான். ஆனாலும் நாம் குறித்துவைக்கிறோம்.

அவர் உயிரோடிருந்தபோதே சிலது நடந்தது. வெளிநாட்டில் பாதுகாக்கப்பட்டிருந்த நுண்படச் சுருள்கள் 2011இல் நாடு திரும்பின. 2012இல் தேசிய உண்மை ஆணையம் பணி தொடங்கியது. 2013இல் ஹெர்சாக்கின் குடும்பத்துக்குத் திருத்திய இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தற்கொலை என்ற பொய் அதிலிருந்து நீங்கியது. நடக்காததும் உண்டு. அந்த 444 பேரைப் பொதுமன்னிப்புச் சட்டம் காத்தது. 2010இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. ஆவணம் தானாக நீதியைக் கொண்டுவராது. ஆவணம் இல்லாவிட்டால் நீதியைக் கேட்கவே முடியாது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். உங்கள் ஊரில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், தீர்ப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்று படி எடுங்கள். ஒன்று பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் இருக்கட்டும், ஒன்று அமைப்பிடம் இருக்கட்டும், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். பிறகு அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பில் ஏறாமல் போனதை எல்லாம் அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். பிரேசிலில் விடுபட்ட வேலை அதுதான். அதை நாம் செய்வோம்.