எஜமானியின் சிரிப்பு

தீக்கிரையான பழைய பார்லிமெண்டு மாளிகைக்குப் பதிலாக லண்டனில் எழும்பிக்கொண்டிருந்த புதிய மாளிகையின் சுவர்களை அலங்கரிப்பதற்கென்று ஓவியர்கள் அனுப்பிய மாதிரிச் சித்திரங்களை, 1843-ஆம் வருஷத்துக் கோடையில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பொதுஜனங்களின் பார்வைக்கு வைத்தபோது, இரண்டு வயதே நிரம்பிய 'பஞ்ச்' என்னும் விகடப் பத்திரிகை அதைச் சும்மா விடவில்லை. அதன் சித்திரக்காரரான ஜான் லீச், கந்தையுடுத்த குழந்தைகளும் ஊன்றுகோலைப் பற்றிய முடவன் ஒருவனும் ஆடம்பர உடையணிந்த கனவான்களின் படங்களை வெறித்துப் பார்த்து நிற்பதாக வரைந்து, ரொட்டி கேட்டவனுக்குச் சித்திரத்தைக் காட்டி அனுப்பும் அரசாங்க தர்மத்தைச் சந்தி சிரிக்க வைத்தார்.

ஆனால் அந்தக் கோபம் நீடிக்கவில்லை. வாரந்தோறும் மூன்று பென்னி கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்கள், வீட்டில் ஒரு வேலைக்காரியாவது வைத்துக்கொண்டிருந்த மத்தியதர வர்க்கத்தார் அல்லவா? 1850-களில் அதே லீச்சின் பரிகாசம் மாடியை விட்டுச் சமையலறைக்கு இறங்கிவிட்டது. 1856-க்குப் பின் எஃகு வளையங்கள் வைத்த கிரினோலின் பாவாடை மலிந்து, விடியுமுன் எழுந்து நிலக்கரியையும் வெந்நீரையும் மாடி மாடியாகச் சுமக்கிற பெண்ணும் ஞாயிற்றுக்கிழமையில் அதை அணியத் தலைப்பட்டதும், எஜமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் உடையில் வித்தியாசம் தெரியாமற் போய்விடுமோ என்ற பீதியே அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்ததென்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் மனச்சாட்சி எப்போதாவது விழித்துக்கொள்ளத்தான் செய்தது. 1863 ஜூன் மாதத்தில், இளவரசியின் வரவேற்பு நடனத்துக்குச் சீமாட்டிகள் உடுத்தவிருந்த கவுன்களை 26 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது தைத்த மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையற்காரி, காற்றோட்டமற்ற அறையில் மாண்டுபோனாள். அடுத்த மாதமே 'பஞ்ச்' பத்திரிகையில் ஜான் டென்னியல் எழுதிய படத்தில், புதிய கவுனை அணிந்து நிலைக்கண்ணாடியின் முன் நிற்கும் சீமாட்டிக்குத் தன் பிரதிபிம்பத்தின் அருகே துவண்டு சாய்ந்து கிடக்கும் தையற்காரி தெரிகிறாள். பக்கத்தில் நிற்கும் கடைக்காரியோ, எந்தத் தியாகம் செய்தாவது அம்மையாரை ஏமாற்றமடைய விட்டிருக்கமாட்டோமென்று குழைகிறாள்.

மறு வருஷம் லீச் காலமாக, அவரிடத்துக்கு வந்த ஜார்ஜ் டு மோரியர் பெரும்பாலும் வரவேற்பறைகளிலேயே உலவி, பணம் சேர்ந்தும் பண்பு சேராத சர் கார்ஜியஸ் மைடாஸ் என்ற கற்பனைப் புதுப்பணக்காரரைப் படைத்துப் பரிகசித்தார். பரம்பரைப் பிரபுக்களிடம் அவருடைய பேனா அவ்வளவு கடுமை காட்டியதில்லை.