வானூர்தி எரிபொருள் கரிப்படிவு

வானூர்தி எரிபொருள் கரிப்படிவு என்பது, தாரைப் பொறிக்குச் செல்லும் எரிபொருள் எரியறையை அடையும் முன்னரே சூடேறிச் சிதைந்து, குழாய்களிலும் தூவுமுனைகளிலும் பிசினாகவும் கரியாகவும் ஒட்டிக்கொள்ளும் படிவு ஆகும். இதனை எரிதலின்போது உண்டாகும் புகைக்கரியுடன் குழப்பிக்கொள்ளலாகாது. வடைச்சட்டியின் விளிம்பில் படிந்து, தேய்த்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

தோன்றும் விதம்

தாரை வானூர்திகளில் எரிபொருள் குளிர்விப்பியாகவும் பயன்படுகிறது. பொறியின் உயவு எண்ணெயிலுள்ள வெப்பம் வெப்பப் பரிமாற்றி வழியாக எரிபொருளுக்கு மாற்றப்படுகிறது. காற்றுடன் தொடர்பிலிருந்த எரிபொருளில் மில்லியனில் சுமார் 70 பங்கு ஆக்சிசன் கரைந்திருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 150 பாகை செல்சியசைக் கடக்கும்போது இச்சிறு அளவே போதுமானது. அது ஐதரோகார்பன்களுடன் வினைபுரிந்து முதலில் பெராக்சைடுகளையும் பின்னர் பிசின்களையும் உண்டாக்குகிறது. கந்தக, நைதரசன் சேர்மங்கள் இதற்குத் துணைபோகின்றன. செப்பு இவற்றினும் கொடியது. மிக நுண்ணிய அளவிலும் அது வினையூக்கியாகச் செயற்படுவதால், எரிபொருளைக் கையாளும் குழாய்களில் செப்புக் கலவைகள் தவிர்க்கப்படுகின்றன.

விளைவுகள்

பெரும் பாதிப்பு தூவுமுனைகளிலேயே ஏற்படுகிறது. துளைகள் குறுகித் தூவல் சீர்கெட்டால், எரியறையில் சுடர் ஒரு பக்கம் மிகுந்து எரிகிறது; எரியறைச் சுவரும் சுழலி அலகுகளும் அவ்விடத்தில் சேதமடைகின்றன. வெப்பப் பரிமாற்றியில் படியும் கரி வெப்பத்தைத் தடுப்பதால் குளிர்விப்பும் குறைகிறது.

சோதனை

திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில், 1965 இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு 1969 இல் செயற்படத் தொடங்கிய ஆலை, இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் எனப்படுகிறது. அங்கு உற்பத்தியாகும் வானூர்திச் சுழலி எரிபொருள் மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்துக்குக் குழாய்வழி செல்கிறது. ஜெட் ஏ-1 வகை எரிபொருள் எங்கு உற்பத்தியானாலும் ஏ.எஸ்.டி.எம். டி 3241 என்னும் சோதனையில் தேற வேண்டும். 260 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்ட அலுமினியக் குழலின்மீது, நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் வீதம் இரண்டரை மணிநேரம் எரிபொருள் செலுத்தப்படுகிறது. பின்னர் குழலில் படிந்த நிறம் மதிப்பிடப்படும். வடிகட்டியில் அழுத்த வீழ்ச்சி பாதரசத்தின் 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு தொட்டி முழுவதன் தகுதியும் அரை லிட்டருக்கும் குறைவான இந்த மாதிரியைப் பொறுத்தது என்பது வியப்பிற்குரியது.

தடுப்பு முறைகள்

ஐதரசன் செலுத்திக் கந்தகத்தை நீக்குவது ஆலையிலேயே செய்யத்தக்க வழி. 1990களில் அமெரிக்க வான்படை உருவாக்கிய ஜேபி-8+100 எரிபொருளில், சேர்பொருள்கள் மூலம் வெப்பந்தாங்கும் எல்லை 163 இலிருந்து 218 பாகை செல்சியசாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அச்சேர்பொருள்கள் எரிபொருளிலிருந்து நீரைப் பிரிக்கும் வடிகட்டிகளின் செயலைக் கெடுப்பதால், அதனைக் கையாளத் தனி ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.