புலிக்குத் தந்தையானோர்

இந்நாட்டில் ஒருவனை அறிவிலி என்று இகழ வேண்டுமாயின், பலர் வாயில் எளிதில் வந்து விழும் சொல் ஒன்றுண்டு. ‘சக்காய்’ என்பதே அது. அடிமை, ஏவலாள் என்னும் பொருள் நிழலாடும் அம்மலாய்ச் சொல், ஒரு காலத்தில் மலைக்காட்டு மக்கள் அனைவர்க்கும் பெயராக வழங்கிற்று. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற சிறு பருவத்தில், கணக்கிற் பிழை செய்த தோழன் ஒருவனை நோக்கி நாமும் அச்சொல்லை வீசியதுண்டு. பின்னாளில் தோட்டத்துக் கிராணியாய் அமர்ந்து, எல்லைக் கால்வாய்க்கு அப்பாலுள்ள காட்டினின்று பிரம்பும் பெத்தாயும் சுமந்து கடைக்கு வரும் அம்மக்களைக் கண்டபோதுதான் நாணினோம். ‘கூலி’ என்னும் ஒரு சொல்லால் இகழப்பட்ட நம் பாட்டன்மாரின் வழிவந்தோர், பிறரை இகழ மற்றொரு சொல்லை எடுத்தாளுதல் எவ்வாறு தகும்?

அம்மக்களுள் ஓர் இனத்தாரைப் பற்றியும், விலங்குகளோடும் மரங்களோடும் அவர் கொண்டுள்ள விந்தையான உறவைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விலங்கின் ஆவி மனிதனுக்கு வழிகாட்டும் என்னும் எண்ணம் உலகின் பல மூலைகளிலும் காணப்படுவது. இத்தகைய ஆவிகளோடு பழகுவோரை மேனாட்டார் ‘ஷாமன்’ என்பர். அச்சொல் சைபீரியாவிலுள்ள துங்குசிய மொழியினரிடமிருந்து உருசியர் வாயிலாக ஐரோப்பாவிற்குச் சென்றது. நம் நாட்டிலும், 1900-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மலாய் மாஜிக்’ என்னும் நூலில், சிலாங்கூரில் அரசுப் பணி புரிந்த ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், புலியாவி ஏறிய மலாய்ப் பாவாங் ஒருவர் நோயாளியைப் புலி தன் குட்டியை நக்குவது போல் நக்கி மருத்துவம் புரிந்த காட்சியை எழுதி வைத்துள்ளார். எனினும், இவ்வுறவை வாழ்க்கை முழுவதற்கும் நடுநாயகமாக வைத்துப் போற்றியவர் தெமியார் மக்களே எனலாம்.

தெமியார் யாவர்?

பேராக், கிளந்தான் மாநிலங்களைப் பிரிக்கும் மலைத்தொடரின் இருபுறத்தும், ஆற்றங்கரைகளிலே சிற்றூர் அமைத்து வாழ்வோர் தெமியார். 2010-இல் அவர் தொகை ஏறத்தாழ 30,000. அவர் மொழி மலாய் மொழிக்கு உறவன்று. மோன்-கெமர் இனத்தைச் சார்ந்தது. மலைச்சாரலில் காட்டை வெட்டி எரித்து நெல்லும் மரவள்ளியும் பயிரிடுவர். ஊதுகுழாய் கொண்டு வேட்டையாடுவர்.

19-ஆம் நூற்றாண்டில் இம்மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. அடிமை பிடிப்போர் இரவில் ஊரைச் சூழ்ந்து ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் கொண்டு போயினர். பேராக்கில் 1880-களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் அந்நியரைக் கண்டதும் காட்டினுள் மறையும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அவர்தம் அச்சத்தை அறியாமை என்று எண்ணினோர் வரலாற்றை அறியாதோரே.

கனவில் வந்த மகன்

நிற்க. தெமியார் நம்பிக்கையின்படி, மனிதனுக்கு மட்டுமே உயிருண்டு என்பதில்லை. புலிக்கும், பழமரத்திற்கும், மலைக்கும், ஆற்றுக்கும் உயிருண்டு. மனிதன் உறங்கும்போது அவன் தலையிலுள்ள உயிர் உடலை நீங்கி உலாவும். அவ்வாறே மரத்தின் உயிரும் விலங்கின் உயிரும் உலாவும். இரண்டும் சந்திக்கும் இடமே கனவு.

அக்கனவில் யாதேனும் ஓர் உயிர் மனித வடிவில் தோன்றி, அவனைத் தந்தையே என்றழைத்துத் தன்னை மகவாக ஏற்குமாறு வேண்டும். அவன் உடன்பட்டால் உறவு உண்டாகிறது. இவ்வாறு வந்தடைந்த ஆவிக்குக் ‘கோனிக்’ என்று பெயர். ஆவிகளோடு பழகும் வன்மை பெற்றவர் ‘ஹாலா’ எனப்படுவர்.

வாசகர் இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். காட்டை நடுங்க வைக்கும் புலியின் ஆவியும், இம்மக்களிடம் ஆண்டவனாக வரவில்லை, ஆண்டையாகவும் வரவில்லை, மகனாக வருகிறது. அடிபணிந்து வரம் வேண்டும் முறை அங்கில்லை. தந்தைக்கும் மகனுக்கும் உள்ள கடமையே உண்டு. மகன் வருவதற்குத் தந்தை வீட்டை அலங்கரிக்க வேண்டும். அவன் விரும்பும் நறுமணத் தழைகளையும் பூக்களையும் தேட வேண்டும். அவன் கொடுத்ததை மறவாது காக்க வேண்டும்.

மகன் கொடுப்பது யாது? பொன்னன்று, பொருளன்று; ஒரு பாட்டு. தெமியார் மொழியில் பாட்டுக்கு ‘நொங்’ என்று பெயர். வழி என்பது அதன் பொருள். காட்டில் வழி தவறுதல் சாவுக்கு ஒப்பாகும் என்பதை அறிந்தோர், பாட்டுக்கு வழி என்று பெயரிட்டனர். கனவில் தந்தை எனப்பட்டவன், பாட்டைக் கற்கும்போது தன் மகனுக்கே மாணாக்கனாகிறான்.

விடிந்தபின் அப்பாட்டு ஊருக்கு உரியதாகிறது. இரவில் எல்லோரும் ஒரு வீட்டிற் கூடுவர். கூரையின் நடுவிலிருந்து மணத்தழைகள் தொங்கவிடப்படும். பெண்கள் வரிசையாய் அமர்ந்து, இருகைகளிலும் மூங்கிற் குழாய்களைப் பிடித்துக் கட்டை ஒன்றின்மேல் மாறிமாறி இடிப்பர். நீண்ட குழாய் ஆண், குறுகியது பெண். ஹாலா ஒரு வரி பாட, பெண்கள் அதனைத் தொடர்ந்து பாடுவர். அப்பாட்டின் வழியே ‘கஹ்யெக்’ என்னும் குளிர்ந்த நீர் போன்றதொன்று ஒழுகி வருவதாகவும், ஹாலா அதனை நோயாளியின் உடலிற் செலுத்துவதாகவும் நம்புவர். வெப்பமும் புழுக்கமும் மிக்க காட்டில் நலம் என்பது குளிர்ச்சியாயிற்று. பழமரத்து ஆவிகளை அழைக்கும் இரவு மகிழ்ச்சியாய்க் கழியும். புலியாவியை அழைக்கும் இரவோ அவ்வாறன்று. விளக்கெல்லாம் அவித்த இருளில், ஹாலா ஓலைக் குடிலுக்குள் மறைந்திருந்து பாடுவார். புலி மகனேயாயினும் புலியன்றோ!

பகுத்தறிவு என்ன சொல்லும்?

‘இவையெல்லாம் மூடநம்பிக்கை அல்லவா? நம் ஏடு இதனைப் பாராட்டலாமா?’ என்று சில அன்பர் வினவக்கூடும். மலைக்காய்ச்சலைப் பாட்டால் தீர்க்க இயலாது. காட்டு மக்களுக்கு மருந்து வேண்டும், மருத்துவமனை வேண்டும், பள்ளியும் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், மூடநம்பிக்கையை நாம் எதிர்ப்பது எதன்பொருட்டு? அஃது ஒரு சாரார் மற்றொரு சாராரை ஏய்த்து வாழ்வதற்குக் கருவியாகும் என்பதன்பொருட்டு அன்றோ? இந்த அளவுகோலை வைத்துத் தெமியாரைப் பார்ப்போம். அங்கே பிறப்பினாற் பூசாரியானவன் இல்லை. ஆவி ஆடவரை நாடுவதே பெரும்பான்மை என்பராயினும், பெண்டிரையும் நாடுவதுண்டு. ஹாலா பகலில் எல்லோரையும் போல் மண்வெட்டிப் பிழைப்பவரே. பெண்டிர் தொடர்ந்து பாடாவிடின் அவர் பாட்டு நடவாது. புலியாவி உடைய பெரிய ஹாலாவிடம் ஊரார்க்கு அச்சம் உண்டென்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும், தீண்டாமையும் தட்சிணையும் இல்லாத ஒரு வழிபாட்டை, அவை இரண்டையும் மலிய வைத்துள்ளோர் ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று கூறுவது வேடிக்கையே.

புகழ்ந்து கெடுத்தோர்

இகழ்வது ஒரு பிழையாயின், ஆராயாமற் புகழ்வது மற்றொரு பிழை. அதற்கும் சான்று உண்டு.

1931-இல் கேம்பிரிட்ஜில் பயின்ற நூன் என்னும் இளைஞர் தைப்பிங்கிலுள்ள பேராக் அரும்பொருட் காட்சிசாலைக்கு ஆராய்ச்சியாளராக வந்தார். அவர் தெமியாரிடையே வாழ்ந்து, அம்மொழி பயின்று, அவ்வினப் பெண்ணொருத்தியை மணந்தார். அவர்தம் நிலவுரிமை காக்கப்பட வேண்டுமென 1936-இல் அறிக்கை எழுதினார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் காட்டிலேயே தங்கிய அவர், 1943-இல் அங்கேயே கொல்லப்பட்டார்.

1934-இல் அவரோடு காட்டிற்குச் சென்ற அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட் என்பவர். 1951-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இம்மக்கள் காலைதோறும் குடும்பமாய் அமர்ந்து குழந்தைகளின் கனவுகளை ஆராய்வர் என்றும், கனவில் தாக்கும் பகையை எதிர்த்து வெல்லப் பயிற்றுவர் என்றும், அதனாலேயே அவரிடம் மனநோயும் வன்கொலையும் இல்லை என்றும் அதில் எழுதினார். 1960-களில் கலிபோர்னியாவில் இக்கருத்துப் பெரும் புகழ் பெற்றது. காட்டைக் கண்டிராதோர் கூடிக் ‘கனவுப் பயிற்சி’ நடத்தினர். ஆனால் 1960-களில் இம்மக்களிடையேயும் செமாய் மக்களிடையேயும் தங்கி அவர் மொழியிலேயே உரையாடி ஆராய்ந்த டென்ட்டன், பெஞ்சமின் ஆகியோர் அத்தகைய காலைக் கனவுப்பள்ளி எதனையும் காணவில்லை. 1985-இல் டாம்ஹாஃப் என்னும் பேராசிரியர், ஸ்டூவர்ட்டின் கட்டுரை உண்மையைவிட ஆசையாற் புனையப்பட்டதே என விரிவாக எடுத்துக் காட்டினார்.

இன்றும் மேனாட்டு நகரங்களில் சின்னாட் பயிற்சியால் தமக்குரிய ‘வழிகாட்டி விலங்கை’க் கண்டடையலாம் என்று போதிப்போர் பலர். 1980-இல் மைக்கேல் ஹார்னர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதிய நூல் இவ்வழக்கத்திற்குப் பெரிதும் துணை புரிந்தது. அதில் மன ஆறுதல் பெறுவோரை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. அப்பயிற்சியில் விலங்கு ஒருவனுக்குத் துணையாக வருகிறது. அவன் அதற்குப் பட்ட கடன் மிகச் சிறிது. தெமியாரிடையே ஆவி பிள்ளையாக வருகிறது; ஆகவே கடன் அதிகம். பிள்ளை பிறந்த மலையை வெட்டவிட்டுப் பிள்ளையைப் பாடுவது எங்ஙனம்?

பாட்டும் நிலமும்

இனி, இதன் உட்பொருளுக்கு வருவோம். அமெரிக்காவைச் சேர்ந்த மரினா ரோஸ்மன் என்னும் இசை ஆராய்ச்சியாளர் 1991-இல் வெளியிட்ட நூலால் இப்பாடல்களின் இயல்பு உலகிற்கு விளங்கிற்று. ஒவ்வொரு பாட்டும் ஒரு குறித்த மலையினின்றோ, மரத்தினின்றோ, ஆற்றுச் சுழியினின்றோ வந்தது. ஆகவே ஓர் ஊராரின் பாடல்களைத் தொகுத்தால், அஃது அவ்வூர் நிலத்தின் படமேயாகும். எழுத்தறியா மக்கள் தம் நிலப் பட்டாவைப் பாட்டில் எழுதி வைத்தனர் எனினும் பொருந்தும்.

அப்பட்டாவை அரசாங்கங்கள் படித்தனவா? 1948-இல் தொடங்கிய அவசரகாலப் போரில், கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிட்டலாகாது என்று கருதி, பிரிட்டிஷார் காட்டு மக்களைத் திரட்டி முள்வேலி முகாம்களில் அடைத்தனர். அவர் தாழ்நிலத்து வெப்பத்திலும் நோயிலும் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். பிழை உணரப்பட்டபின் அவரைக் காட்டிற்கே திரும்பவிட்டு, அங்கே கோட்டைகள் அமைத்தனர். 1954-இல் ஆதிமக்கள் சட்டம் பிறந்தது. எனினும் அது நிலத்தை முழுவுரிமையாகத் தரவில்லை. 1970-களில் தெமெங்கோர் அணை எழுந்தது. தெமியாரும் ஜஹாய் மக்களும் வாழ்ந்த பள்ளத்தாக்கு நீருள் மூழ்கிற்று. பாட்டுக்கு வழி என்று பெயரிட்டோரின் வழி ஏரிக்கடியிற் போயிற்று.

அண்மைக் காலத்தில் குவா மூசாங் பகுதித் தெமியார் மரம் வெட்டும் வண்டிகளை மறித்துக் காட்டுப் பாதைகளில் மூங்கிற்றடை அமைத்து நின்றனர், தடைகள் உடைக்கப்பட்டன, மக்கள் கைது செய்யப்பட்டனர். 2019 சனவரியில், போஸ் சிம்போர் தெமியாரின் சார்பாகக் கூட்டரசு, கிளந்தான் மாநில அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. ஆதிமக்களுக்காக ஓர் அரசு மற்றோர் அரசை வழக்குமன்றத்திற்கு இழுத்தது இந்நாட்டு வரலாற்றிற் புதுமையாகும்.

புலியின் நிலையோ இன்னும் கொடிது. 2016 முதல் 2020 வரை நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில், மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன எனக் கண்டனர். நாட்டுச் சின்னத்தில் இரு புலிகள் கம்பீரமாய் நிற்கின்றன. காட்டிலே நிற்பதற்கு இடமில்லை. புலியை மகனென்றவரும் புலியும் ஒரே கோடரியால் விரட்டப்படுகின்றனர். காட்டை அழித்து எழுந்த தோட்டங்களிலே கணக்கெழுதி உண்ணும் நாம், அதில் நமக்குப் பங்கில்லை என்று கையைக் கழுவிக் கொள்ளவும் இயலாது. அத்தோட்டங்களை நம் முன்னோர் தம் விருப்பால் அமைக்கவில்லை என்பது மெய். ஆயினும் விளைந்த பயனில் ஒரு கவளம் நம் கலத்திலும் வீழ்ந்தது.

ஆதலின் அன்பர்களே! புலியின் ஆவி கனவில் வரும் என்று நம்மை நம்புமாறு தெமியார் கேட்கவில்லை. தம் காட்டைத் தமக்கு விடுமாறே கேட்கின்றனர். முன்னதை மறுக்க நம் பகுத்தறிவுக்கு உரிமையுண்டு. பின்னதை மறுக்க நம் மனச்சான்றுக்கு உரிமையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்களினின்று வெளியேற்றப்பட்ட நம்மவர்க்கு, வாழ்ந்த மண்ணிற்குச் சீட்டில்லை என்று கேட்கும் சொல்லின் கொடுமையைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

நம் பிள்ளைகள் இனி ‘சக்காய்’ என்னும் சொல்லை எடுப்பின், அதட்டுவதோடு நில்லாது, புலிக்குத் தந்தையான மக்களின் வரலாற்றை அவர்க்கு எடுத்துரைப்போமாக. முதலில் நம் நாவிலிருந்து அச்சொல் ஒழியட்டும். அஃது இன்றைக்கே செய்யக்கூடிய சீர்திருத்தம்.