எவரோடு ஒப்பிடுவது? கருவில் வலிப்பு மருந்துக்கு ஆட்பட்ட குழந்தைகள் பற்றிய கேரளத் தரவு: ஒரு மறுவாசிப்பு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் வலிப்பு–கர்ப்பப் பதிவேட்டிலிருந்து 2007-இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலும் அதன் சராசரிக்காகவே எடுத்தாளப்படுகிறது. வலிப்புள்ள தாய்மாரின் 71 குழந்தைகளுக்கு அறிவுத்திறன் ஈவு 87.7, ஒப்பீட்டுக் குழுவின் 201 குழந்தைகளுக்கு 93.0. ஐந்து புள்ளிதானே, தாயின் படிப்பும் வீட்டு நிலைமையும் அதை விளக்கிவிடும் என்பது நிலைத்துவிட்ட வாசிப்பு. தாயின் கல்விக்கும் குழந்தையின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதை அதே ஆய்வு காட்டுவதால், இவ்வாசிப்பை ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் சராசரியை ஒட்டியே அச்சாகியிருக்கும் இன்னோர் எண்ணை அது தாண்டிப் போய்விடுகிறது. திட்ட விலக்கம் முதல் குழுவில் 22.6, இரண்டாவதில் 14.4.

இந்த இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது. மருந்துக்கு ஆட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் ஐந்து புள்ளி இறங்கியிருந்தால், மணி வடிவ வளைகோடு அப்படியே இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அகன்றிருக்காது. இங்கே, திட்ட விலக்கத்தின் வர்க்கமான மாறுபாட்டளவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகியிருக்கிறது. பலர் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்க, சிலர் வெகுவாகச் சரிந்திருக்கிறார்கள் என்பதே இதற்கு இயல்பான பொருள். சுருக்கப் புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு இதை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். தனித்தனிக் குழந்தைகளின் மதிப்பெண் கையில் இருந்தால் அன்றி அது இயலாது. ஆயினும் தாயின் கல்வியே இவ்வகற்சிக்குக் காரணம் என்போர், வலிப்புள்ள தாய்மாரின் கல்வி நிலை மற்றத் தாய்மாருடையதைவிட இந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வு கொண்டது என்று காட்டியாக வேண்டும். மருந்து விஷயத்தில் அப்படித் தேட வேண்டியதில்லை. ஒரு தாய் குறைந்த அளவில் ஒரே மருந்து சாப்பிட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு மூன்று மருந்துகளைக் கூடுதல் அளவில். இவர்கள் எல்லாரையும் ‘வலிப்புள்ள தாய்’ என்ற ஒரே சாக்கில் கட்டியதால்தான் சராசரி சாதுவாகத் தெரிகிறது. பல மருந்துகளுக்கு ஆட்பட்ட குழந்தைகள் ஒற்றை மருந்துக்காரர்களைவிடப் பின்தங்கியதையும் அதே ஆய்வு குறிப்பிடுகிறது.

ஆகவே மருந்தை மருந்தோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த தொடர் ஆய்வின் ஆறு வயது முடிவுகள் 2013-இல் வெளியாயின. தாய் சாப்பிட்ட வலிப்பு மருந்து வாரியாகக் குழந்தைகளின் சராசரி ஈவு: வால்புரோயேட் 97, கார்பமசெபின் 105, லாமோட்ரிஜின் 108, பினைட்டாயின் 108. தாயின் அறிவுத்திறனைக் கணக்கில் கொண்ட பிறகும் நிற்கும் வேறுபாடு இது. வால்புரோயேட் அளவு ஏற ஏற ஈவு இறங்கவும் செய்கிறது. நடத்தையைப் பொறுத்து அதே ஆண்டில் வந்த டென்மார்க் தரவு இன்னும் தெளிவாகப் பாடம் சொல்கிறது. ஆட்டிச வகைக் கோளாறு வால்புரோயேட்டுக்கு ஆட்பட்டவர்களிடம் 4.42 விழுக்காடு, மற்றவர்களிடம் 1.53, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வலிப்புள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குள்ளேயே ஒப்பிட்டால் 4.15, 2.44, இரண்டு மடங்குகூட இல்லை. வித்தியாசத்தில் ஒரு பங்கு நோய்க்கும் குடும்பத்துக்கும் உரியது என்பதை மறுப்பதற்கில்லை. கழித்துப் பார்த்தும் மிச்சம் இருக்கிறது.

வால்புரோயேட் பொது வகை வலிப்புக்கே அதிகம் தரப்படுவதால், அந்த வகைக்குரிய மரபணுதான் குழந்தையைப் பாதிக்கிறது என்பார்கள். மரபணு மில்லிகிராம் கணக்கில் ஏறி இறங்குவதில்லை. தவிர, கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ஒரே ஊசியாக வால்புரோயேட் செலுத்தப்பட்ட எலியின் குட்டிகள் மற்றக் குட்டிகளோடு விளையாடுவதைக் குறைத்துக்கொள்கின்றன, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. அந்தத் தாய் எலிக்கு வலிப்பு கிடையாது. எலிக்குத் தரப்படும் அளவு, எடைக்கு எடை பார்த்தால், பெண்கள் உட்கொள்வதைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். அது பாதிப்பின் அளவைப் பற்றிய ஐயமே தவிர, திசையைப் பற்றியதல்ல.

இனி, கேரள ஆய்வின் மற்றொரு பாதி. மொழித்திறனை அது மலையாளத் தேர்வு கொண்டு அளந்தது. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அது பொருத்தமானதே. தமிழக எல்லையோரம் பாறசாலையை அடுத்த தனுவச்சபுரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்குப் போக, தனுவச்சபுரம் அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை நகர்ந்ததே ஒழிய வீட்டுப் பேச்சு நகரவில்லை. படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ‘அணில்’ வாயில் வரும், பள்ளிக்கூடத்து ‘அண்ணான்’ ஒரு கணம் தாமதிக்கும்; ‘பூனை’க்கும் ‘பூச்ச’க்கும் நடுவே அதே தடுமாற்றம். மரவள்ளிக் கிழங்கான மரச்சீனிக்கு மட்டும் சிக்கல் இல்லை, எல்லையின் இரு பக்கமும் அது மரச்சீனிதான். இந்தத் தடுமாற்றம் குறைபாடு அல்ல என்பது மொழியியலாருக்குத் தெரிந்ததே. ஆனால் வால்புரோயேட் அதிகம் தாக்குவது சொல்வழித் திறனை. அதாவது மருந்தும் இருமொழிச் சூழலும் ஒரே கட்டத்தில்தான் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. மலையாளச் சூழலில் வளரும் நெடுமங்காட்டுப் பிள்ளையோடு தனுவச்சபுரத்துப் பிள்ளையை ஒப்பிட்டால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. எல்லையோர ஊர்களுக்குள்ளேயே, தாய்மொழியைக் குறித்துக்கொண்டு, கார்பமசெபின் சாப்பிட்ட தாயின் குழந்தையை வால்புரோயேட் சாப்பிட்ட தாயின் குழந்தையோடு ஒப்பிடும்போது, அணிலும் அண்ணானும் இரு தட்டிலும் ஒரே எடையாக விழும்.