பெயர் எழுதாத பங்காளி

வலையை இழுக்கும் கை ஆணுடையதா, பெண்ணுடையதா என்று மீன் கேட்பதில்லை, அலையும் கேட்பதில்லை. கேட்டவன் மனிதன்!

அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடா, செந்நிறச் சால்மன் மீனுக்கு உலகிலேயே பெயர்பெற்ற நீர்ப்பரப்பு. 1884ஆம் ஆண்டில் அங்கே மீனைத் தகரத்தில் அடைக்கும் முதல் ஆலை எழுந்தது. ஆலைகளின் பாய்மரப் படகுகளில் ஆடவர் சென்றனர். 1951 வரை இயந்திரப் படகில் மீன்பிடிக்க அங்கே தடை. பெண் ஏறினால் கலத்துக்குக் கேடு என்பது மேலைநாட்டு மாலுமிகளின் பழைய நம்பிக்கை. அறிவியல் வளர்ந்த நாடுகளிலும் அறியாமை பாய் விரித்தே சென்றது!

கரையில் கதை வேறு. அங்கே ஒரு முனையைக் கரையிலும், மறுமுனையைக் கடலிலும் நிறுத்திக் கட்டும் நிலைவலை உண்டு. ஓதத்தோடு வரும் மீன் அதில் செவுள் மாட்டிச் சிக்கும். இதுவே குடும்பத் தொழில். கோடையில் சில வாரங்களே அறுவடை. ஓதம் நள்ளிரவில் வந்தால் வேலையும் நள்ளிரவில்தான். குளிர்நீரில் நின்று தாயும் மகளும் மீனைக் கழற்றுவர், படகு நிரப்புவர், கரையேறியதும் அடுப்பு மூட்டுவர். இரண்டு வேலை, பெயரோ, "வீட்டுக்காரருக்கு உதவி"!

அந்த "உதவி" என்னும் சொல்லின் விலை 1973இல் தெரிந்தது. மீன்பிடிப்போர் தொகைக்கு வரம்பு கட்ட அலாஸ்கா அரசு சட்டம் இயற்றியது. நிரந்தர உரிமச் சீட்டு யாருக்கு? அதற்கு முன்பே தம் பெயரில் வலை உரிமம் பெற்று மீன்பிடித்தவருக்கு! துணையாளாக உழைத்த ஆண்டுகள் அந்தத் தகுதியைத் தரவில்லை. சட்டம் ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. ஏட்டில் யார் பெயர் என்று மட்டுமே பார்த்தது. நிலைவலையில் தம் பெயரையே பதிந்திருந்த பெண்கள் உரிமையாளராயினர். கணவன் பெயருக்குள் உழைப்பைக் கரைத்தவள் வெறுங்கையோடு நின்றாள்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி: உரிமையாளர் இறந்தால், அவர் வேறு ஏற்பாடு செய்யாதவரை, சீட்டு வாழ்க்கைத் துணைக்குச் சேரும். வியர்வை பெற்றுத்தராத உரிமையைச் சாவு பெற்றுத்தருகிறது! மனைவியாக வலை இழுத்தபோது இல்லாத பெயர், கைம்பெண்ணானதும் ஏடேறுகிறது.

தோழர்களே! குடும்பத் தொழில் என்பது இனிய சொல். ஆனால், அக்குடும்பத்தின் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். உழைத்தவள் பெயர் அதில் உண்டா? பாராட்டு வேண்டாம், பரிவு வேண்டாம்; பெயரை எழுதுங்கள். எழுதாத பெயருக்கு எந்தச் சட்டமும் பங்கு தருவதில்லை!