கிராஸ்மியர்: இயற்கையழகும் வர்க்க நோக்கும்

வசந்தகாலத்தில் வட இங்கிலாந்தின் ஏரிக்கரைக் கிராமமாகிய கிராஸ்மியரை நாடிச் செல்வோர், கவிஞர் வில்லியம் வேட்ஸ்வேர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் கொட்டேஜ் இல்லத்தைக் கண்டு இன்புறுவர். அவ்வின்பத்தின் சமூக வரலாற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

1800 இல் அவர் இயற்றிய 'மைக்கேல்' என்னும் கவிதை, மூதாதையர் நிலம் அந்நியர் கைக்கு மாற வேரறுந்துபோன இடையர் குடும்பமொன்றின் கதையாகும். 1801 இல் அரசியல்வாதியான சார்ள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஆலைத்தொழிற் பெருக்கம் குடும்ப உறவுகளைச் சிதைப்பதையும் சிறுநிலவுடைமையாளர் அருகி வருவதையும் எடுத்துரைத்தார்.

அவரே 1844 இல், கென்டலிலிருந்து வின்டமியர் வரையிலான புகையிரதப் பாதைத் திட்டத்தை எதிர்த்தார். இயற்கையழகைச் சுவைக்கும் ஆற்றல் படிப்படியாகப் பயின்று வருவது. ஆகவே தொழிலாளரைத் திரளாகக் கொண்டுவந்து இறக்குவதாற் பயனில்லை என்பது அவர் வாதம். எனினும் 1847 இல் பாதை திறக்கப்பட்டது.

சுவையுணர்வு பயிற்சியால் வருவது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால், பயிற்சிக்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வைத் தொழிலாளரிடமிருந்து பறித்தது எது என்னும் வினாவை அவர் வாதம் எழுப்பவில்லை. நிலமிழந்த இடையனின் துயரை உணர்ந்த கவிஞர், அத்தகையோரின் வழிவந்தோர் ஆலைத்தொழிலாளராய்த் திரும்பி வரவிருந்தபோது அவர்களை இனங்காணத் தவறினார். இம்முரண்பாடு தனிமனிதக் குறையன்று. சிறுவுடைமை வர்க்க நோக்கின் எல்லையே எனலாம்.